பரமதத்தன் கேட்ட இன்னொரு பழம்

விடையைச் சரிபார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தவர்களில் மூத்தவர் நம்ம காரைக்கால் வணிகர் பரமதத்தன். கடைக்கு வந்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினார். ஒன்றை அடியாருக்குப் படைத்துவிட்டார் மனைவி புனிதவதி. மற்றதைச் சாப்பிட்ட மனுஷன் சும்மா இருந்தாரா? “இன்னொன்றையும் கொண்டா” என்றார். சிவனருளால் ஒன்று வந்தது. ருசி எங்கேயோ போய்விட்டது. வியாபார மூளைக்குச் சந்தேகம். “எங்கே, இன்னொரு தடவை வரவழை, பார்க்கலாம்!” வந்தது. கையில் வாங்கினார், மாயமாகிவிட்டது.

ஆனி மாதம் மாம்பழத்தை வாரி இறைத்துத் திருவிழா எடுக்கிற ஊரில், வர்க்கமூலச் சமன்பாடு நடத்தும் வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வரவேண்டும். இருபுறமும் வர்க்கம் எடுத்துக் கணக்குப் போட்டால் 3, −2 என்று இரண்டு விடை. 3 கடைச்சரக்கு. −2-ஐப் போட்டுப் பாருங்கள்: 4-இன் வர்க்கமூலம் 2, ஆனால் வரவேண்டியதோ −2. பழம் மாயம்! வர்க்கம் எடுத்தபோது மைனஸ் குறி அழிந்தது, அந்தச் சந்தில் புகுந்த விடை இது.

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கணிதப் புலிகளுக்கு ஒரே தலைவலி, ஐந்தாம் படிச் சமன்பாடு. நான்காம் படி வரை மூலக்குறிகளை அடுக்கி விடை காணும் சூத்திரம் இருந்தது. ஐந்துக்கு அப்படியொரு பொதுச் சூத்திரம் கிடையவே கிடையாது என்று 1824-இல் நார்வேக்காரர் ஆபெல் நிரூபித்தார். கைக்காசில் அச்சடித்ததால் காகிதச் செலவுக்கு அஞ்சி ஆறே பக்கத்தில், பிரெஞ்சில் சுருக்கினார். யாரும் சீந்தவில்லை. எந்தச் சமன்பாடு மசியும், எது மசியாது என்று பிரித்துக் காட்டிய கால்வா, லூயி பிலிப் ஆட்சியில் சிறைக்குப் போய்வந்து, 1832-இல் இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் செத்தார். அந்த லூயி பிலிப்தான் அப்போது காரைக்காலுக்கும் ராஜா.

இப்போது பக்கத்து பிரிட்டிஷ் சீமைக்கு வாருங்கள். கும்பகோணத்தில் ராமானுஜன் என்ற பையன் மூன்றாம் படியைக் கற்று, நான்காம் படிக்குச் சொந்தமாக வழி கண்டுபிடித்து, அடுத்து ஐந்தில் கைவைத்தான். நடக்காத காரியம் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. 1898 முதல் பேரளம் வழியாகக் காரைக்காலுக்கு ரயிலே ஓடிக்கொண்டிருந்தது. சேதி மட்டும் வந்து சேரவில்லை. காரைக்கால் குமாஸ்தாக்கள் பிரெஞ்சில் பட்டா எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆபெலை எழுதினால் யார் முத்திரை குத்துவது?

பையன் வளர்ந்தார், எஃப்.ஏ. பரீட்சையில் கணக்குத் தவிர மற்றதில் கோட்டை விட்டார். 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு கேள்வி போட்டார். 1-உடன் 2 மடங்கு வர்க்கமூலம். அந்த மூலத்துக்குள் 1-உடன் 3 மடங்கு வர்க்கமூலம். அதற்குள் 4 மடங்கு. இப்படி முடிவே இல்லாமல் போகிறது. மொத்தத்துக்கும் ஒரு வர்க்கமூலம் போட்டால் மதிப்பு என்ன? ஆறு மாதம் போனது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். 3 என்பது 9-இன் மூலம். 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது 16-இன் மூலம். 16 என்பது 1 + 3×5. இப்படியே 5, 6 என்று உரித்துக்கொண்டே போகலாம்.

பரமதத்தன் இருந்திருந்தால் இங்கேயும் விட்டிருக்க மாட்டார். இதே வித்தையில் 4-ஐயும் உரிக்கலாமே: 16 என்பது 1 + 2×7.5, அந்த 7.5-க்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று. அப்போது விடை 4 என்றும் சாதிக்கலாம்! அடுக்கு எங்கோ ஓரிடத்தில் போய் நிற்கிறது என்று முதலில் காட்டவேண்டும். 1927-இல் வெளிவந்த ராமானுஜன் கட்டுரைத் தொகுப்பில், இப்படிப்பட்ட அடுக்குகள் எப்போது ஒருங்கும் என்பதற்கான அளவுகோலைத் தந்தவர் இன்னொரு தமிழர், தி. விஜயராகவன். அதில் வைத்துப் பார்த்தால் இந்த அடுக்கு ஓரிடத்தில் நிற்கும். அது எந்த இடம் என்பது தனிக் கணக்கு, அதில் 3 பாஸ். 4-க்கு அரியர்ஸ்.