மீன்தொட்டி பிஎச் இயல்: ஓர் ஆய்வுரை

மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில், சோதனைக் குழாயில் தெரிவது பச்சை என்பார் ஒருசாரார். நீலம் என்பார் பிறிதொரு சாரார். டியூப்லைட் அடியில் பச்சை, பால்கனியில் நீலம் என்று இருவரையும் சமாதானப்படுத்துவாரும் உளர். மீன்களின் கருத்து மட்டும் எங்கும் பதிவாகவில்லை. இக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது என்க.

முதற்கண் வரலாறு. பிஎச் அளவுகோலை 1909-இல் வகுத்தவர் டென்மார்க்கின் சோரன்சென். அவர் பணியாற்றியது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலைக்காரர் நிறுவிய ஆய்வுக்கூடத்தில். மதுவாலை நிழலில் பிறந்த அளவுகோல், பீர் பாட்டிலை வாசற்படி ஏற்றாத குடும்பங்களின் வரவேற்பறை வரை வந்துவிட்டதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு வியக்கவில்லை. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் வேறுபாடு பத்து மடங்கு. 7-இலிருந்து 5-க்கு இறங்கினால் அமிலத்தன்மை நூறு மடங்கு கூடும். ‘ரெண்டு பாயிண்ட்தானே’ என்போர் இவ்விடத்தை இருமுறை வாசிக்க.

இனிக் கருவி. கடையில் கிடைக்கும் சாதாரண கிட்டில் 5 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு புரோமோதைமால் நீலம். மஞ்சள் என்றால் 6, பச்சை என்றால் 7-ஐ ஒட்டி, நல்ல நீலம் என்றால் 7.6. கிட்டோடு வரும் வண்ண அட்டையில் அதுவே கடைசிக் கட்டம். சென்னை போர் தண்ணீர் 8 ஆனாலும் 8.4 ஆனாலும் குழாய் அதே நீலத்தைத்தான் காட்டும். ஆகவே வாரந்தோறும் நோட்டில் 7.6 என்று எழுதி வருபவர் குறிப்பது தண்ணீரின் அளவை அன்று, அட்டையின் எல்லையை. இத்தகையோருக்கென்றே 7.4 முதல் 8.8 வரை காட்டும் தனி கிட் உண்டு. போர் தண்ணீரைப் பிடித்த கையோடு சோதிப்பதும் வீண். நிலத்தடியில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேற வெளியேற பிஎச் ஏறும். பக்கெட்டில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையான கூத்து இனிதான். சென்னைக் கொளத்தூர் மீன் கடையில் நியான் டெட்ரா வாங்கி வருபவர், அது அமேசான் மீன், இலேசான அமில நீரில் வாழ்வது என்று படிக்கிறார். பிஎச் குறைக்கும் மருந்தை மாலையில் ஊற்றுகிறார், குழாய் பச்சையாகிறது, வீட்டில் மகிழ்ச்சி. காலையில் மறுபடி நீலம். போர் தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் அத்தனை அமிலத்தையும் விழுங்கிவிட்டது. அவர் மீண்டும் ஊற்றுகிறார். பைகார்பனேட் தீர்ந்துபோகும் நாளில், அதே அளவு மருந்துக்கு பிஎச் ஒரேயடியாகச் சரிகிறது. எந்த எண்ணிலும் ஓரளவு பழகிக்கொள்ளும் மீன், எண் மேலும் கீழுமாக ஆடினால் தாங்குவதில்லை. பழியோ ‘கடைக்காரன் நோய் மீனைக் கொடுத்துவிட்டான்’ என்று முடிகிறது. இத்தனைக்கும் கடைகளில் விற்கும் நியான்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை; அமேசானைக் கனவிலும் கண்டதில்லை.

ஏற்றுவதிலும் ஆபத்து உண்டு. பிஎச் குறைவாக இருக்கையில் தொட்டிக் கழிவிலுள்ள அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கும். சமையல் சோடாவை அள்ளிப் போட்டால் அந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நஞ்சான அம்மோனியாவாக மாறிவிடும்.

நியான் வளர்த்தே ஆகவேண்டும் என்போர் ஆர்ஓ தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து, பல நாட்களில் படிப்படியாக மாற்றுக. மரக்கட்டையும் காய்ந்த நாட்டு வாதுமை இலையும் கூடவே போடலாம். ஆனால் கடின நீரில் அவற்றால் தண்ணீரின் நிறம் மாறும் அளவுக்கு எண் மாறாது. மற்றோருக்கு கப்பியும் மோலியும் உண்டு; கடின நீரே அவற்றுக்கு உகந்தது. எந்த மீன் வாங்கினாலும், கடைத் தொட்டியின் பிஎச் என்னவென்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.