வயிற்றில் அல்ல, கிண்ணத்தில்!

வருஷக்கணக்காகப் பரணில் கிடந்த கிடாரை இறக்கினேன். திருகு, பிரிட்ஜ் எல்லாம் துரு. வயிற்றில் புளியைக் கரைக்கிறது! அடுப்படியில் வைத்தியம் உண்டா?
— ஒரு வாசகர், பெருந்துறை

புளியை வயிற்றில் ஏன் கரைக்கிறீர்கள்? கிண்ணத்தில் கரையுங்கள்! புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். வெள்ளை வினிகரும் அப்படியே. திருகுகளைக் கழற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். குரோம் பூச்சுள்ள பாகங்களை ஊறவைக்க வேண்டாம். தண்ணீரில் நனைத்த அலுமினியம் ஃபாயிலால் மெல்லத் தேய்த்தால் போதும். மரத்தில் புளித்தண்ணீர் படவே கூடாது.

கம்பிகளையும் ஊறப்போடலாமா?
— அதே வாசகர்

கூடாது. துருவேறிய கம்பிகள் கம்பி நீட்டட்டும், புதுசு மாட்டுங்கள்! வாசித்து முடித்ததும் வியர்வையைப் பருத்தித் துணியால் துடையுங்கள். அந்த உப்பும் ஈரமும்தான் துருவுக்கு விதை.

உங்கள் பெருந்துறை வட்டத்துக் கொடுமணலில், நொய்யல் கரையில், 2000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அகழாய்வு சொல்லும் உண்மை இது. இரும்பை அறிந்த மண் உங்களுடையது. கிடாரைத் துருவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.