மலைக்கு ஒரு மார்க்கு

மாப்ளே, உன்ற மலைச் சோலியைப் பத்தி நாலு வார்த்தை சொல்லோணும்னு லண்டன்ல உன்ற வீட்டுல இருந்தப்பவே நெனச்சேன். நீதான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சியே, என்னத்தைச் சொல்றது? இப்ப சென்னிமலைக்கு வந்து சேந்தாச்சு. பக்கத்துல உங்கம்மாவும் இல்ல. தைரியமாச் சொல்றேன், கேட்டுக்க.

லீத் ஹில்லுக்குக் கூட்டிட்டுப் போனியே, அதுல எனக்கு ஒரு குறையுமில்ல. 294 மீட்டரை மலைன்னு சொல்ல உனக்குக் கூச்சமா இருந்திருந்தா அதோட போயிருக்கும். உனக்கு இல்ல, அந்தூருக்காரங்களுக்கும் இல்ல. ரிச்சர்டு ஹல்னு ஒருத்தர், ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் கொறையுதேன்னு வெசனப்பட்டு 1765ல உச்சியில ஒரு கோபுரத்தையே கட்டுனாராம். செத்த பொறவு அதுக்கு அடியிலேயே அவரைப் பொதைச்சுட்டாங்க. கணக்குப் பைத்தியம் அந்த மலைக்குப் புதுசில்ல, உனக்கு முன்னாடியே ஒருத்தர் அங்க குடியேறிட்டார்.

மலை உச்சியில நின்னு ரேடியோல பேசற உங்க 'சோட்டா' (SOTA) ஆட்டத்தை 2002 மார்ச்சுல இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஆரம்பிச்சு வெச்சவங்க மனுசனை நல்லாப் படிச்சவங்க. உசரத்தைப் பாத்து மலைக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மார்க்கு. ஆயிரம் சேந்தா 'மலையாடு'ன்னு பட்டம். லீத் ஹில்லுக்கு எத்தனைன்னு கேட்டேன், ஒண்ணுன்னே. அடுத்த வாரமும் ஏறுனா? சேத்துக்க மாட்டாங்களாம், ஒரு மலைக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் கணக்கு. அப்ப அந்த ஒரு மலையை மட்டும் நம்பிக் கெடந்தா நீ ஆடாகறதுக்கு ஆயிரம் வருசம் ஆகும் சாமி. இங்க முருகன் கோயலுக்குப் பொதிகாளை ரெண்டு, தெனமும் அபிசேகத்துக்குத் தீர்த்தம் சொமந்துக்கிட்டு 1320 படி ஏறுது. அதுக ஒரு மார்க்கும் கேட்டதில்ல.

கார் சமாச்சாரத்துக்கு வாரேன். உங்க ஆட்டத்துச் சட்டப்படி இஞ்சினை வெச்சு உச்சிக்குப் போய் எறங்கக் கூடாது, காருக்குள்ளயோ பக்கத்துலயோ உக்காந்து பேசக் கூடாது, கார் கரண்டையும் தொடக் கூடாது, ஜெனரேட்டரும் ஆகாது. பேட்டரியைத் தோள்ல சொமந்துக்கிட்டு நடந்துதான் வரோணும். ரொம்பச் சரி. ஆனா உச்சி வரைக்கும் ரோடு போட்ட மலைக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டதுக்கு நீ சொன்னே பாரு ஒரு பதில், அதை இங்க டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிக்கறோம். அமெரிக்காவுல மவுண்ட் வாஷிங்டன், 1917 மீட்டர். 1861லயே உச்சிக்கு ரோடு போட்டுட்டாங்க. அங்க போறவன் காரை மேல வரைக்கும் ஓட்டிட்டுப் போய் நிறுத்துவானாம். ரேடியோவைத் தூக்கிக்கிட்டு 25 மீட்டர் உசரம் கீழ எறங்குவானாம். அப்பறம் திரும்பி நின்னு, 'இதோ ஏறறேன்'னு நடந்து வருவானாம். சட்டப்படி அவன் மலையேறுனவன்! நம்ம கோயலுக்குப் பஸ்ஸுல போறவன் மேல போய் எறங்கி, கடைசி நாப்பது படி கீழ வந்து, மறுபடி ஏறி, 'படியேறி வந்தேன் முருகா'ன்னு கை கூப்புனா எப்படி இருக்கும்? முருகன் சிரிச்சுட்டு விட்டுருவான், அவன் பஸ்ஸுல வந்தவனுக்கும் அதே துன்னூறுதான் குடுக்கறான். உங்காளுங்க சிரிக்க மாட்டாங்க, மார்க்குப் போடுவாங்க. அதனால நீயும் வெக்கப்படாதே, எறங்கி ஏறு. யாராவது பாத்தா கீழ சாவியை உட்டுட்டேன்னு சொல்லிக்க.

சாமான் வாங்கறதுலயும் உனக்குப் புத்தி சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆளில்ல. ரேடியோ அரைக் கிலோகூட வரக் கூடாதுன்னு தேடித் தேடி வாங்கியிருக்கறே. அந்த மிச்சத்தையெல்லாம் இடுப்பைச் சுத்தி எடுத்துட்டுப் போறே, அது உன்ற கணக்கு. ஏரியல் கம்பியை மட்டும் கொறைக்க முடியாது, 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைன்னா 20 மீட்டர் வேணும். அதைத் தூக்கி நிறுத்த மீன் புடிக்கற நீட்டுக் கழி. மலை உச்சியில தூண்டிலை நட்டு வெச்சு உக்காந்திருக்கறவனை, நாய் கூட்டிட்டு வந்த வெள்ளக்காரக் கெழவி ஒருத்தி என்ன பார்வை பாத்தா தெரியுமா? மீன் கெடைச்சுதான்னு கேக்கலை, அவ்வளவு மரியாதை. ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்றேன்: தூரத்துல இடி கேட்டாலே அந்தக் கழியைப் படுக்கப் போட்டுட்டு எறங்கிடு. மார்க்கு அடுத்த வாரமும் அங்கயேதான் இருக்கும்.

எதுக்கு மேல ஏறோணும்கறதை நீ சொன்னப்ப எனக்கே புடிச்சுப் போச்சு. கையில வெச்சுப் பேசற செட்டோட அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும், பூமி வளைஞ்சு மறைக்கும். லீத் ஹில் உசரத்துக்கே சுத்திலும் 70 கிலோமீட்டர் எட்டும். எதுத்தாப்புல இருக்கறவனும் ஒரு குன்று மேல நின்னா இன்னும் தூரம். கம்பியில போற அலையோ வானத்து மேல்தட்டுல பட்டுத் திரும்பி அடுத்த நாட்டுல எறங்கும். அஞ்சு வாட்ல ஸ்பெயின்காரன் குரல் வந்தப்ப நான் எந்திரிச்சே நின்னுட்டேன். மறைச்சென்ன?

ஆனா பேச்சு! மார்க்கு வேணும்னா நாலு பேரோட பேசியிருக்கோணும்கறது சட்டம். மனுசனை மனுசன் தேட வெக்கற சட்டம்னு நானும் மெச்சிக்கிட்டேன். அப்பறம் பாத்தா, ரேடியோல கூப்பிடறதுக்கு முன்னாடி போனை எடுத்து, 'இந்த மலையில, இந்த அலைவரிசையில நிக்கறேன், வாங்க'ன்னு இன்டர்நெட்ல போடறே. அதைப் பாத்துட்டு வீட்டுச் சோபாவுல உக்காந்திருக்கறவன் ஓடி வாரான், அவனுக்கும் மார்க்கு உண்டாம். வந்தவன் பேரெழுத்தைச் சொல்றான், நீ உன்னுதைச் சொல்றே. 'அம்பத்தொம்பது'ங்கறே, அவனும் 'அம்பத்தொம்பது'ங்கறான். நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம். அதோட 'எழுபத்திமூணு'ன்னு கும்புடு போட்டு முடிச்சுக்கறீங்க. ரெண்டு மணி நேரம் பயணம், நடை, குளிரு. பேசுனது அரை நிமிசம். மழையா, பயிர் எப்படி, புள்ளைகுட்டி சவுக்கியமான்னு ஒரு வார்த்தை இல்ல.

சும்மா ஏசறேன்னு நெனைக்காதே. 2004ல பாரதி பிரசாத்ங்கற அம்மா உன்னையாட்டவேதான் ஒலகத்துக்கெல்லாம் அம்பத்தொம்பது சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அந்தமான்ல போர்ட் பிளேர்ல. டிசம்பர் 26 சுனாமியில போன் போச்சு, கரண்டு போச்சு. ஆட்டத்தை மூட்டை கட்டிட்டு, அதே ரேடியோல யார் உசுரோட இருக்காங்கன்னு தகவல் மாத்தி மாத்திச் சொன்னாங்க. அம்பத்தொம்பதை ஒழுங்காச் சொல்லிப் பழகுன வாய்தான் அன்னிக்கு அதைச் சொல்லுச்சு. அதனால பழகு, வேண்டாங்கலை.

அடுத்து ஸ்னோடன் போறியாமா. 1085 மீட்டர், பத்து மார்க்கு, குளிர்காலத்துல ஏறுனா அதுக்கு மேல மூணு. அந்த மூணுக்காகத்தான் பனியில போறேன்னு உன்ற பொண்டாட்டி போன்ல அழுகறா. அந்த மலைக்கு 1896ல இருந்தே ரயில் ஓடுது, ஆனா குளிர்ல உச்சிக்கு ஓடாது. ஓடுனாலும் நீ ஏற மாட்டே. போ, போ. பனியில வெரைச்ச வெரலால நாலு பேரைத் தேடு.

அந்த நாலுல ஒண்ணுக்கு நான் ஏற்பாடு பண்ணியிருக்கறேன். இங்க ரேடியோவுக்கு ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் வாங்க மோர்ஸ் வேண்டாம், பன்னண்டு வயசு ஆனவங்க எல்லாரும் பரிச்சை எழுதலாமாமா. உங்கம்மா பொஸ்தகம் வாங்கிட்டா. ரேடியோல வந்தாத்தான் மகன் பேசுவான்னா அதையும் பாத்துருவோம்ங்கறா. கேட்டா நீயும் உன்ற வழக்கப்படி அம்பத்தொம்பதுன்னே சொல்லு மாப்ளே. போன ஆடியோட அவளுக்கு அறுவத்தாறு முடிஞ்சுது, கொறைச்சுச் சொல்றியேன்னு சந்தோசப்பட்டுக்குவா.