ஐந்தாவது பிரதி

நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தது 1986-இல். நுழைவுத் தேர்வு எழுதவில்லை, வகுப்புக்கும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெறியாளர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நான் யோசித்து வைத்திருந்த தலைப்பை முழுக்கக் கேட்டார். "முதல்ல ஒரு வருஷம் படிப்பா, தலைப்பு தானா வரும்" என்றார்.

அப்படி ஒரு வருஷம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வரவே இல்லை. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்போது லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலை அடிகள் நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பில், வேறு யாரோ மேசையில் விட்டுப்போன பழைய இதழ் ஒன்றைப் புரட்டப்போய், தேடாத ஏதோ ஒன்று கண்ணில் பட்டு, கேட்ட புத்தகம் வந்ததுகூடத் தெரியாமல் மாலை வரை அதிலேயே மூழ்கிக் கிடப்பேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க அப்படிக் கிடைத்ததுதான். அந்த நூலகம் பின்னாளில் கன்னிமாரா வளாகத்துக்குப் போனது. இன்றைய பிள்ளைகளோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து எத்தனையோ அரிய நூல்களை வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்கிறார்கள். கம்பத்தில் இருக்கிற பிள்ளை சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்காமலே படிக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய காரியம்! ஆனாலும் அதில் கேட்ட புத்தகம்தான் வருகிறது. பக்கத்து மேசைப் புத்தகம் வருவதில்லை.

2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளைக் கொண்டுவந்தபோது நானே நெறியாளர். நுழைவுத் தேர்வு, கோர்ஸ் ஒர்க், ஆய்வேடு கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் மனமார வரவேற்றேன். ஆனால் அந்தக் கட்டுரைக் கட்டாயம் வந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஈசல்போலக் கிளம்பின. என் மாணவர் ஒருவர், உதவித்தொகை வராத மாதத்தில் கடன் வாங்கி அப்படி ஓர் இதழுக்குப் பணம் கட்டிவிட்டு, அதைச் சொல்ல முடியாமல் என் அறை வாசலில் நின்றது இன்னும் வலிக்கிறது. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கூடவே எம்.ஃபில்லையும் எடுத்துவிட்டார்கள். சின்னதாக ஓர் ஆய்வு செய்து, இது நமக்கு வருமா என்று பார்த்துக்கொள்ள இருந்த இடம் அது. இப்போது நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு எடுத்தவர் நேரே முனைவர் பட்டத்துக்கு வந்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இருந்தாலும் பழைய காலமே திரும்பட்டும் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். எங்களோடு ஓர் அக்கா இருந்தார். நாகர்கோவில்காரர். வில்லுப்பாட்டு ஆய்வு. கொடை விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து பதிவு செய்த பன்னிரண்டு கேசட்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். என் ஆய்வேடு தட்டச்சாகி வந்தபோது மெய்ப்புப் பார்த்தது அவர்தான். மேலே ஒரு தாள், அடியில் கார்பன் வைத்து நான்கு. ஐந்தாவது பிரதியில் எழுத்து புகைபோல மங்கியிருக்கும். தட்டச்சர் விட்டுவிட்ட ஒற்றுகளை ஐந்து பிரதியிலும் நீலமசியால் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே, "ஒத்து போச்சுன்னா அர்த்தமே போச்சு, தம்பி" என்பார். திருவல்லிக்கேணியில் காலிகோ அட்டை கட்டி, தங்க எழுத்துப் பதித்து வாங்கிவந்த அன்று என்னைவிட அவர்தான் அதை அதிக நேரம் தடவிப் பார்த்தார்.

அவருடைய ஆய்வேடு வரவே இல்லை. கல்யாணம், வெளியூர், குழந்தை. அவகாசம் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை, பதிவு காலாவதியானது. இன்றைய விதிப்படி பெண் ஆய்வாளருக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. கூடுதலாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கல்யாணமாகி வேறு ஊர் போனால் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் வழி உண்டு. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிஸ்கட் டப்பாதான் நினைவுக்கு வரும்.

போன மாதம் என் பழைய மாணவி வீட்டுக்கு வந்திருந்தார். "ஐயா, உங்க ஆய்வேடு ஷோத்கங்காவுல ஏறியிருக்கு, பாத்தீங்களா?" என்று, பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் அந்த இணையக் களஞ்சியத்தைப் போனில் திறந்து நீட்டினார். பல்கலைக்கழக நூலகத்துக்குப் போன அந்த ஐந்தாவது பிரதியைத்தான் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மங்கல் எழுத்துகளுக்கு நடுவே ஒரு 'ப்' மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது. விரலால் பெரிதாக்கினார்.

"இது உங்க கையெழுத்தா ஐயா?"

"இல்லம்மா. அக்காவோடது."