கெடு தாண்டிய கோபம்

ஒரு கிரிமினல் வழக்கைக் கொல்ல சாட்சியை மிரட்ட வேண்டாம். நீதிபதிக்குப் பெட்டி அனுப்ப வேண்டாம். அரசுத் தரப்பு காலண்டரைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 90 நாள் கெடு. 91ஆம் நாள் விடிந்தால் குற்றம் தானே புனிதமாகிவிடும்.

சந்தேகமிருந்தால் போஃபர்ஸ் கட்டைப் பிரித்துப் பாருங்கள். 1986இல் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 400 பீரங்கிகள், 1,437 கோடி ரூபாய். கைமாறிய கமிஷன் என்று சொல்லப்பட்டது 64 கோடி. அதையும் 1987இல் ஸ்வீடன் வானொலி சொல்லித்தான் டெல்லிக்குத் தெரிந்தது. 1990இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. குற்றப்பத்திரிகை வந்தது 1999இல். நடுவில், 1993 ஜூலையில், இடைத்தரகர் என்று சொல்லப்பட்ட இத்தாலிய வியாபாரி ஒத்தாவியோ குவாத்ரோக்கி சாவகாசமாக விமானம் ஏறிப் போனார். யாரும் தடுக்கவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும். இந்த வழக்கில் நேரத்துக்கு நடந்தது அது ஒன்றுதான்.

பீரங்கி வாங்கியபோது பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி மீது சொல்லப்பட்ட லஞ்சக் குற்றச்சாட்டை 2004 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் வாஜ்பாய். மே மாதம் பதவியை விட்டு இறங்கும்வரை அப்பீல் போகவில்லை.

2005 மே 31 அன்று இதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இந்துஜா சகோதரர்களும் விடுபட்டார்கள். விசாரணைக்குச் சுமார் 250 கோடி செலவாகியிருப்பதாக நீதிபதி சோதி வருத்தப்பட்டார். 64 கோடியைத் தேடப் போய் 250 கோடி! லஞ்சம் வாங்கியவர்களே பரவாயில்லை, சிக்கனமாக இருந்திருக்கிறார்கள். அப்போது நடந்தது காங்கிரஸ் ஆட்சி. மறுபடி 90 நாள். மறுபடி அப்பீல் இல்லை.

சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் அபாண்டம். 2005 டிசம்பரில் மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலே லண்டனுக்குப் போனார். குவாத்ரோக்கியின் முடக்கப்பட்ட வங்கிக் கணக்குகளைத் திறந்துவிட வழி செய்துவிட்டு வந்தார். 2007இல் அர்ஜென்டினா அந்த ஆளைப் பிடித்தே வைத்தது. நம்மவர்கள் உருப்படியான ஆவணம்கூடக் கொண்டுபோகவில்லை. அவரை இங்கே கொண்டுவரப் போட்ட வழக்கும் போச்சு, அவருடைய வக்கீல் செலவையும் இந்தியா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. திருட்டுப் போன வீட்டுக்காரன் திருடனுக்குப் பஸ் காசு கொடுத்து அனுப்பிய கதை. 2011இல் அவர் மீதான வழக்கையே வாபஸ் வாங்கினார்கள்.

பிறகு வந்தார்கள் ஊழலை ஒழிக்கப் பிறந்தவர்கள். 2014இல் வந்தவர்களுக்கு 2018 பிப்ரவரியில்தான் 2005 தீர்ப்புக்கு அப்பீல் போகும் ஞாபகம் வந்தது. தாமதம் 4,522 நாள். கரன்ட் பில் கட்டத் தாமதித்தால் நம் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கும் நாட்டில் மத்திய அரசு, பன்னிரண்டு வருஷத் தாமதத்தைப் பெரிய மனது பண்ணி மன்னிக்கச் சொல்லிக் கோர்ட்டில் நின்றது. சொன்ன காரணம் ஏற்கும்படி இல்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது.

கைவசம் இன்னொரு மனுவும் இருந்தது. அமெரிக்கத் துப்பறிவாளர் மைக்கேல் ஹெர்ஷ்மன் 2017இல் டி.வி. பேட்டி கொடுத்தார். அதை வைத்து மேல்விசாரணைக்கு அனுமதி கேட்டு டெல்லி கீழ்க் கோர்ட்டில் போட்ட மனு அது. 1987இல் ரேடியோ கேட்டு விழித்த தேசம், முப்பது வருஷம் கழித்து டி.வி. பார்த்து விழித்தது. இதற்குப் பெயர் புலனாய்வு.

2019 மே 4. உத்தரப் பிரதேசத் தேர்தல் மேடை. செத்து 28 வருஷமான ராஜீவ் காந்தியை முதல் நம்பர் ஊழல்வாதி என்றார் பிரதமர். கூட்டம் கைதட்டியது. பன்னிரண்டே நாளில், மே 16 அன்று, சி.பி.ஐ. டெல்லி கோர்ட்டுக்குப் போய் அந்த மனுவைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கியது. மேடையில் முழங்க ஊழல் வேண்டும். கோர்ட்டில் நிரூபிக்க வேண்டாம். அடுத்த தேர்தலுக்கும் பீரங்கி வேண்டாமா?

அனுமதி தேவையில்லை, விசாரணை தொடரும் என்று ஒரு விளக்கமும் வந்தது. யாரை விசாரிக்க? தரகர் வின் சத்தாவும் பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்த பட்நாகரும் 2001இலேயே போய்விட்டார்கள். குவாத்ரோக்கி 2013இல் மிலானில் இறந்தார். இருந்தாலும் 2025 பிப்ரவரியில் ஹெர்ஷ்மன் விவரம் கேட்டு அமெரிக்காவுக்குக் கடிதம் போயிருக்கிறது. தபால் செலவு நம்முடையது.