கிளம்பியாக்கம்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலுக்குக் கிளவியாக்கம் என்று பெயர். சொற்கள் அமையும் விதத்தை அது சொல்லும். பன்னிரண்டு பேர் சேர்ந்து சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் கிளம்பும் விதத்தைச் சொல்லத் தமிழில் ஓர் இயல் இல்லை. அந்தக் குறையை நீக்கவே இந்த ஆய்வு. (தலைப்புக்கும் கிளாம்பாக்கத்துக்கும் தொடர்பில்லை. அங்கே பேருந்துகளாவது கிளம்புகின்றன.)

ஆய்வுக்களம் திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை. போக வேண்டிய தூரம் சுமார் 150 கிலோமீட்டர். குறித்த நேரம் சனிக்கிழமை விடிகாலை 4.30. சனிக்கிழமை இராகுகாலம் 9 மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், பின்னால் நடந்தவற்றுக்குக் கோள்கள் பொறுப்பல்ல.

முதலில் திணை. நிலம் கடலோரம், ஆகவே நெய்தல். பொழுது வைகறை, அது மருதத்துக்குரியது. மருதத்தின் உரிப்பொருளான ஊடலை அவரவர் வீட்டில் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தோம். லீவு நாளில் மூன்றரை மணிக்கு அலாரம் அடித்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் களத்தில் நிகழ்ந்த ஒழுக்கமோ இருத்தல், அதாவது காத்திருத்தல். அது முல்லைக்குரியது. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்தார். உரிப்பொருளே இப்படி மயங்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நாலரை மணிக்குத் திருவான்மியூர் சிக்னலில் நின்றவர் அல்லர் அவர்.

கருப்பொருள்கள்: தெருநாய், வாழைப்பழம், டீக்கடை, பம்ப். தெய்வம் வான்மீகி. அதே சாலையில் அவருக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. மேலே புற்று வளரும்வரை உட்கார்ந்திருந்தவரின் பெயரால் வழங்கும் ஊரைச் சந்திக்கும் இடமாகத் தேர்ந்தெடுத்தது எங்கள் முதல் பிழை.

போருக்குப் போகும் அரசன் நல்ல நாழிகையில் தன் குடையையும் வாளையும் முன்னே அனுப்பிவைப்பதைப் புறத்திணை இலக்கணம் குடைநாட்கோள், வாள்நாட்கோள் என்னும். இதன் இக்கால வடிவம் சைக்கிள்நாட்கோள். முந்தின இரவு பத்து மணிக்கு, செயினுக்கு எண்ணெய் போட்டு, பாட்டில் செருகி, பை கட்டிய சைக்கிளைச் சுவரில் சாய்த்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. படம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ ஆள் அவ்வளவு தாமதமாக வருவார் என்பது என் கருதுகோள். பாதிப் பயணம் படத்திலேயே முடிந்துவிடுகிறது போலும்.

சுமை பற்றியும் ஒரு சொல். 1884 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய சக்கர சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பிய தாமஸ் ஸ்டீவன்ஸ் எடுத்துச் சென்றது காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. புதுச்சேரியில் ஒரே இரவு தங்கப்போகும் எங்கள் வங்கி நண்பர் இஸ்திரி போட்ட சட்டை மட்டும் மூன்று கொண்டுவந்தார்.

தாமதத்தின் இயந்திரவியல் இன்னும் ஆழமானது. மெல்லிய டயர் சைக்கிள்களில் பிரெஸ்டா வால்வு இருக்கும். குச்சி போல ஒல்லி. உச்சியில் உள்ள சிறு திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பங்சர் கடைக் குழாய் அதைப் பிடிக்காது. எனவே யாரோ ஒருவர் கொண்டுவந்த பம்ப்தான் எல்லோருக்கும் கதி. அனைவரும் வீட்டிலேயே காற்றடித்து வந்திருந்தோம், ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கூட்டம் என்று இருந்தால் அடுத்தவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பவர் ஒருவர் இருந்தே தீர்வார். அமுக்கிவிட்டு, “காத்து கம்மியா இருக்கே சார்” என்பார். சந்தேகம் பன்னிரண்டு பேருக்கும் பரவும். டயர் ஒன்றுக்கு இரண்டு நிமிடம், 24 டயர், 48 நிமிடம்.

இதற்கு உலக வரலாற்றிலும் ஆறுதல் உண்டு. 1903 ஜூலை 1 அன்று முதல் டூர் டி பிரான்ஸ் பாரிசுக்கு அருகே மாந்ஜெரோன் என்ற ஊரில் ஒரு காபிக்கடை வாசலிலிருந்து கிளம்பியது. கடையின் பெயருக்கு அலாரம் கடிகாரம் என்று பொருள். அறுபது பேர் கிளம்பியபோது மணி பிற்பகல் 3.16. முதல் கட்டமே 467 கிலோமீட்டர், லியோன் வரை. மூன்று மணிக்கு மேல் அந்தப் பதினாறு நிமிடம் எதற்கு ஆனது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. யாரோ டயரை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது சொல்லாராய்ச்சி. ஐந்து மணிக்கும் வந்து சேராத நண்பனை அழைத்தேன். “எங்கடா இருக்க?” “கிளம்பிட்டேன்டா.” பின்னணியில் பக்கெட்டில் தண்ணீர் விழும் ஓசை. ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்வதற்கு விரைவு, மிகுதி, தெளிவு போன்ற காரணங்கள் இருந்தால் நன்னூல் அதைப் பிழையாகக் கொள்வதில்லை. வழுவமைதி என்று ஏற்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வழித்துணை வெளியிலிருந்து அழைத்தால், சாப்பிட்டாயிற்று, வந்தாயிற்று என்று இறந்தகாலத்தில் பதில் சொல்வான் என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். கூட்டாகக் கிளம்பி அடிபட்ட அனுபவம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். நண்பனிடமோ விரைவு இல்லை, தெளிவு அறவே இல்லை. ஆகவே ‘கூச்சம்’ என்ற காரணத்தையும் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.

4.15-க்கே வந்து நின்ற ஒரே ஆள் நான் என்பதை ஆய்வாளனின் நடுநிலை கருதி இதுவரை சொல்லவில்லை. 5.50-க்குக் கால் கடுத்தது. இன்னும் இருவர் வர வேண்டும், பம்ப் எட்டாவது சைக்கிளில் இருந்தது. தெருமுனையில் டீக்கடையில் முதல் ஈடு வடை வந்த வாசனை. இரண்டாவது வடையைப் பாதி கடித்திருந்தபோது போன் அடித்தது. பதினொரு பேரும் ஹெல்மெட் மாட்டி, ஒரு கால் பெடலில் வைத்து நிற்கிறார்களாம். பக்கெட்காரன்தான் கேட்டான், “எங்கடா இருக்க?”

“கிளம்பிட்டேன்டா” என்றேன்.