தொடையளவுப் பனியும் தொண்டையில் நின்ற சொல்லும்

மே மாத நடுவில் சியாட்டிலிலிருந்து மலையேறப் புறப்படும் ஒரு குழு, ஏறத் தொடங்கிய மலையை விட்டுவிட்டு வேறு மலைக்குப் போவது எதனால்? பனி கிடந்ததால் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. பனி கிடக்குமேயன்றி, யாரையும் திருப்பி அனுப்பியதற்குச் சான்றில்லை. திருப்புவது ‘திரும்பலாம்’ என்ற ஒரு சொல். அதை முதலில் யார் சொல்வது என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

களம், ஸ்னோகுவால்மி கணவாய்க்கு அருகிலுள்ள ஸ்னோ லேக் பாதை. பெயரிலேயே பனியை வைத்திருக்கும் ஏரிக்குப் போய், ‘பனி இருக்கிறதே!’ என்று வியந்தவர்கள் நாங்கள் பதினோரு பேர். பாதை தொடங்குவதே சுமார் 3,100 அடியில். ஏரிக்குப் போக 4,400 அடி முகட்டைத் தாண்ட வேண்டும். ஊரில் செர்ரிப் பூக்கள் உதிர்ந்து பல வாரம் ஆகியிருந்தாலும், மேலே குளிர்காலம் வீட்டைக் காலி செய்திருக்காது. சில ஆண்டுகளில் ஜூலை வரைகூட இழுக்கும். இது அங்கு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போனோம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் உயர்த்திய பதினோரு பேரில் பத்துப் பேர், வேறு யாராவது பாதை நிலவரம் பார்த்திருப்பார்கள் என்று நம்பினார்கள். பதினோராவது ஆள் உண்மையிலேயே பார்த்திருந்தார்; நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று வாயைத் திறக்கவில்லை. ஆய்வு நெறிப்படி அவர் பெயர் மறைக்கப்படுகிறது.

பனியை அளக்க அங்குலக் கணக்கு உதவாது; காலே அளவுகோல். கணுக்கால் வரை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கெண்டைக்காலில் பேச்சு குறைந்தது. முழங்காலில், மணி பத்தரைகூட ஆகாத நிலையில், புளியோதரையை எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற விவாதம் எழுந்தது. இதைப் பசி என்று கொள்வது பிழை. ‘திரும்பலாம்’ என்பதன் முதல் திரிபு இதுவே என்க.

தொடையளவுக்கு ஆய்வாளரே சான்று. இரவுக் குளிரில் இறுகிய மேல்பரப்பு காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் இளகி, காலை விழுங்கிவிடும். பாறை ஓரத்திலும் மரத்தடியிலும், அடியில் ஓடை ஓடும் இடத்திலும் உள்ளே ஏற்கெனவே பொந்து விழுந்திருக்கும். அங்குள்ள மலையேறிகள் இப்படிப் புதைந்து புதைந்து நடப்பதை ‘போஸ்ட்ஹோலிங்’ என்கிறார்கள். வேலிக்குக் கம்பம் நடக் குழி தோண்டுவது போலவாம். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்: கால் நடுதல். பந்தக்கால் நடுவதற்காவது நாள் நட்சத்திரம் பார்ப்போம். நான் எதுவும் பார்க்காமல் என் வலக்காலை நட்டேன். பிடுங்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அப்போதும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. குழுவின் மூத்தவர் மட்டும் வானத்தைப் பார்த்தபடி, “கார் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். சாவி என் வலப்பக்கப் பாக்கெட்டில் இருந்தது. பாக்கெட் பனிக்குள் இருந்தது. கேள்விக்கு விடை கிடைக்குமுன்னே பத்துப் பேரும் கீழ்நோக்கித் திரும்பி நின்றார்கள். ஆக, அச்சொல் கடைசிவரை தொண்டையைத் தாண்டவே இல்லை.

போன இடம் ராட்டில்ஸ்நேக் லெட்ஜ். ஐ-90 நெடுஞ்சாலையில் வெளிவழிகளுக்கு மைல் கணக்கில் எண் இட்டிருக்கிறார்கள். பனி ஏரிக்கு 52, பாம்புப் பாறைக்கு 32. பின்பனியை அடுத்து இளவேனில் என்று வரிசைப்படுத்திய முன்னோர் இடைவெளியைச் சொல்லாமல் விட்டுவிட்டனர். அது 20 மைல். இங்கே பாதை சுமார் 900 அடியில் தொடங்கி 2,078 அடியில் முடிந்துவிடுகிறது. பனி மருந்துக்கும் இல்லை. பாம்பும் இல்லை. இந்த மாநிலத்தில் கேஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே கிலுகிலுப்பைப் பாம்பே கிடையாது. காய்ந்த விதைக்கூடு சலசலத்ததைப் பாம்பென்று நினைத்து அலறிய யாரோ ஒருவர் வைத்த பெயர் என்று ஒரு கதை உண்டு.

அடிவாரத்து ஏரிதான் என்னை நிறுத்தியது. அங்கே மான்க்டன் என்று ஒரு சிற்றூர் இருந்தது. சியாட்டிலுக்காக சீடர் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். தேங்கிய நீர், பனியாறு விட்டுப்போன சரளை மண்ணுக்குள் கசிந்து, 1915இல் ஊருக்குள் ஊறி எழுந்தது. வெள்ளம்கூட இல்லை, நாள்தோறும் சிறிது சிறிதாக. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். அங்கேயும் முதலில் வாயைத் திறந்தது யார் என்று அறிய ஆசை. ஊர் காலியாயிற்று. நீர் வற்றும் காலத்தில் பழைய மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் தலை காட்டுகின்றன.

புளியோதரையை அந்தக் கரையில் சாப்பிட்டோம். அடுத்த முயற்சி ஆகஸ்டில். வண்டியில் ஓர் இடம் இருக்கிறது. ‘திரும்பலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்கள் மட்டும் தெரிவிக்கவும். பதினோராவது ஆள் யார் என்று கேட்டு எனக்கு இனி யாரும் செய்தி அனுப்ப வேண்டாம்.